விமானந்தாங்கிக் கப்பலை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் புதிய விமானந்தாங்கிக் கப்பல் பற்றிச் செய்தி வந்தால் புதுச்சேரிக்காரர்கள் அதை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிடுவதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் இன்னும் வாழ்கிற ஊர் இது. பிள்ளைகளோ பேரன்களோ பிரான்சில் இருக்கிற வீடுகளும் ஏராளம். சுமார் 310 மீட்டர் நீளம், 80,000 டன்னை நெருங்கும் எடை, 2 அணு உலைகள், மின்காந்தக் கேட்டபுல்ட் (தளத்திலிருந்து விமானத்தை இழுத்து ஏவும் கருவி), 2038-ல் பணிக்கு வரும் என்று படித்ததுமே பேச்சு நம் விக்ராந்த் பக்கம் திரும்பிவிடும். கடலூரில் கடற்படைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் இப்படித்தான் ஒப்பிட்டு எழுதுகிறார்கள். ஒப்பிடுவதில் தப்பில்லை, எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சறுக்கல்.

கப்பலின் எடையை வைத்துத் தரம் பிரிப்பது முதல் சறுக்கல். 2001 முதல் பணியில் இருக்கும் பிரான்சின் சார்ல் தெ கோல் கப்பலின் எடை சுமார் 42,500 டன், நீளம் 261 மீட்டர். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்த்த விக்ராந்தின் நீளம் 262 மீட்டர், எடை 45,000 டன் அளவில். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் பிரெஞ்சுக் கப்பலில் 2 நீராவிக் கேட்டபுல்ட்கள் உண்டு. நம்முடையதில் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த ஸ்கி ஜம்ப். கப்பல்கள் ஏறத்தாழ ஒரே அளவு, வேலை செய்யும் விதம் வேறு. இன்னும் சுவாரசியம் என்னவென்றால், ரஃபேல்-எம் விமானம் 26 வாங்க 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பிரெஞ்சுக் கப்பலில் கேட்டபுல்ட் இழுத்துவிடும் அதே விமானம் இங்கே வளைவில் ஓடி ஏறப் போகிறது. கப்பல் எத்தனை டன் என்று கேட்பதற்கு முன், அதன் தளத்திலிருந்து விமானம் எத்தனை டன் சுமையோடு கிளம்ப முடியும் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, ஸ்கி ஜம்ப் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பலரும் நினைப்பது போல அந்த வளைவு விமானத்தைத் தூக்கி எறிவதில்லை. அதற்குச் சொந்தமாக எந்தச் சக்தியும் கிடையாது. தளத்திலிருந்து எழும் தடுப்புகள் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ள, விமானி எஞ்சினை முழு விசைக்குக் கொண்டுபோகிறார். தடுப்பு இறங்கியதும் விமானம் பாய்கிறது. வளைவின் நுனியை விட்டு வெளியேறும் நேரத்தில், நேராகப் பறப்பதற்குத் தேவையான வேகம் பெரும்பாலும் அதற்கு வந்திருக்காது. ஆனால் மேல்நோக்கிய திசையில் போகிறது. அப்படிப் போகும் சில நொடிகளில் எஞ்சின் தொடர்ந்து தள்ளித் தள்ளி, மீதி வேகத்தைச் சேர்த்துவிடுகிறது. அந்த வளைவு வாங்கித் தருவது நேரம், அவ்வளவுதான். விக்ராந்தில் அந்தக் கோணம் 14 டிகிரி.

ஆகவே, எடைக்கேற்ற உந்துவிசை உள்ள விமானம்தான் இந்த வழியில் ஏற முடியும். எரிபொருளையும் ஆயுதத்தையும் ஒருசேர முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்புவது கடினம், ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டி வரும். இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதே இல்லை. வானத்திலிருந்து ரேடாரால் வெகுதூரம் கண்காணிக்கும் ஹாக்ஐ போன்ற புரொப்பல்லர் விமானங்கள் கேட்டபுல்டை நம்பி இருப்பவை. சார்ல் தெ கோலில் அவை உண்டு. நம் கப்பல்களில் அந்த வேலையைக் காமோவ்-31 ஹெலிகாப்டர்கள் பார்க்கின்றன. ஹெலிகாப்டர் அவ்வளவு உயரமும் போகாது, அவ்வளவு நேரமும் மேலே நிற்காது. என்னைக் கேட்டால், இரண்டு முறைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் போர் விமானத்தில் இல்லை, இந்தக் கண்காணிப்பில்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் ஸ்கி ஜம்ப் பழைய காலத்து முறையா? இதுவும் தலைகீழாகப் புரிந்துகொண்ட விஷயம். நீராவிக் கேட்டபுல்ட் 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை சோதித்துப் பார்த்த ஏற்பாடு. 1961-ல் இந்தியாவுக்கு வந்த முதல் விக்ராந்திலேயே அது இருந்தது. சீ ஹாக் விமானங்களும் பிரான்சில் செய்த அலிசே விமானங்களும் அதிலிருந்துதான் பறந்தன. ஸ்கி ஜம்ப் அதற்குப் பிறகு வந்தது. செங்குத்தாக இறங்கக்கூடிய சீ ஹாரியர் விமானங்கள் வந்தபின், 1980-களில் அதே விக்ராந்தில் இருந்த கேட்டபுல்டை எடுத்துவிட்டு ஸ்கி ஜம்ப் வைத்தார்கள். நம் கடற்படை கேட்டபுல்டில் ஆரம்பித்து வளைவுக்கு வந்த கடற்படை. தேர்வில் 'வளர்ச்சிப் படிகள்' என்று வரிசை போட்டு எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது அணுசக்திக் குழப்பம். மின்காந்தக் கேட்டபுல்ட் என்றாலே அணுசக்திக் கப்பல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2025 நவம்பரில் பணிக்கு வந்த சீனாவின் ஃபுஜியன் கப்பலில் மின்காந்தக் கேட்டபுல்ட் 3 இருக்கின்றன, அணு உலை கிடையாது. சார்ல் தெ கோலில் அணு உலை இருக்கிறது, கேட்டபுல்ட் நீராவி வகை. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு. பிரான்சின் புதிய கப்பலும் அந்த வழியில்தான் போகிறது. அமெரிக்காவில் உருவான இமால்ஸ் என்ற மின்காந்தக் கேட்டபுல்டையே அதற்கும் வாங்குகிறார்கள்.

எந்தக் கப்பலுக்கு எந்த முறை என்பதில் எஞ்சின் அறைக்கும் பங்கு உண்டு. நீராவிக் கேட்டபுல்டுக்கு நீராவி வேண்டும். கொதிகலனோ அணு உலையோ இருந்தால் நீராவி கையில் இருக்கும். விக்ராந்த் ஓடுவது 4 எல்எம்-2500 கேஸ் டர்பைன்களில், அவை நீராவியில் ஓடுபவை அல்ல. கேட்டபுல்டுக்காகவே தனியாக ஒரு நீராவி ஏற்பாடு அந்தக் கப்பலில் வைக்க வேண்டி இருந்திருக்கும். மின்காந்த வகைக்கு மின்சாரம் போதும், ஆனால் ஒரே இழுப்புக்கு மிக அதிகமாக, ஓரிரு நொடியில் வேண்டும். அதனால் சுழலும் மின்னாக்கிகளில் சக்தியைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடுகிறார்கள். ஒவ்வொரு விமானத்தின் எடைக்கும் ஏற்ப இழுவிசையைக் கூட்டலாம், குறைக்கலாம். சிறிய ஆளில்லா விமானத்தையும் பதமாக ஏவலாம் என்பது இதன் பெரிய லாபம். ஃபோர்டில் இது ஆரம்ப வருடங்களில் அடிக்கடி பழுதானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது கடலோரத்தில் இருக்கிற நமக்கு அழகல்ல. கப்பல் ஓரிடத்தில் நின்றுகொண்டு விமானத்தை அனுப்புவது போலப் படம் வரைகிறார்கள். நடப்பது அப்படியில்லை. கப்பல் எதிர்காற்றைப் பார்த்துத் திரும்பி, வேகம் பிடித்து ஓடுகிறது. விக்ராந்தின் உச்ச வேகம் 28 நாட், அதாவது மணிக்கு 28 கடல் மைல். எதிர்க்காற்று 15 நாட் இருந்தால், நின்றிருக்கும் விமானத்தின் இறக்கை மீதே மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று வீசுகிறது. அவ்வளவும் இலவச வேகம். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதும் முன், காற்று யாருக்குச் சாதகம் என்பதற்காக நாட்கணக்கில் ஒருவரை ஒருவர் சுற்றி வந்தார்கள். பாய்மரம் போய்விட்டது, காற்றுக் கணக்கு போகவில்லை. 1971 போரில் பழைய விக்ராந்தின் 4 கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் இருந்ததால் வேகம் குறைந்துபோனது. டிசம்பரில் இதே வங்கக் கடலில், காக்ஸ் பஜார் மீதும் சிட்டகாங் மீதும் தாக்க சீ ஹாக்குகளை அனுப்பியபோது அந்தக் குறையோடுதான் சமாளித்தார்கள். கேட்டபுல்ட் இருந்தும் கப்பலின் வேகம் கவலையாகவே இருந்தது.

'பிறகு வளைவை வெட்டிவிட்டு கேட்டபுல்ட் வைத்துக்கொள்ளலாமே' என்று சொல்வதும் அடிக்கடி காதில் விழும். பிரிட்டன் இதை முயன்று பார்த்தது. கட்டிக்கொண்டிருந்த தன் புதிய கப்பலுக்கு மின்காந்தக் கேட்டபுல்ட் என்று 2010-ல் முடிவெடுத்து, மதிப்பிட்ட செலவு இரு மடங்கு ஆனதும் 2012-ல் கைவிட்டது. தளத்துக்குக் கீழே உள்ள அறைகள், கேபிள்கள், மின்சாரம் எல்லாம் முதல் வரைபடத்திலேயே முடிவாகிற விஷயங்கள். விமானத்தைத் தளத்துக்கு ஏற்றி இறக்கும் லிஃப்டும் அப்படித்தான். விக்ராந்தின் லிஃப்டுகள் இறக்கை மடங்கும் மிக்-29கே விமானத்தை மனதில் வைத்துச் செய்தவை. ரஃபேல்-எம் விமானத்தின் இறக்கை மடங்காது. ஆகவே வாங்கும் பேச்சு நடந்த காலத்தில் லிஃப்டின் அகலமே பெரிய கேள்வியாக இருந்தது.

கடைசியாக, படத்தைப் பார்த்து வகை சொல்லும்போது முன்பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். விக்ராந்திலும் பிரிட்டனின் குயீன் எலிசபெத்திலும் முன்னால் வளைவு இருக்கிறது. ஆனால் விக்ராந்தின் பின்தளத்தில் குறுக்கே கம்பிகள் போட்டிருக்கும். இறங்கும் விமானத்தின் வால் கொக்கி அதில் மாட்டி நிற்கும். மாட்டாமல் போனால் மறுபடி எழும்ப வேண்டுமே என்று, சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினைக் குறைக்காமல் முழு விசைக்குக் கூட்டுவார். அதற்கு வசதியாகத்தான் இறங்கும் பாதை நேராக இல்லாமல் ஒரு பக்கமாகக் கோணலாக, முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாதபடி அமைந்திருக்கிறது. குயீன் எலிசபெத்தில் கம்பியும் இல்லை, அந்தக் கோணல் பாதையும் இல்லை. அதன் எஃப்-35பி போர் விமானம் அங்கே செங்குத்தாக இறங்கிவிடும். ரஃபேல்-எம் விக்ராந்தில் இறங்கலாம், குயீன் எலிசபெத்தில் இறங்க முடியாது.