கட்டணம் கட்டாமலே கட்டுரையை எல்லோருக்கும் திறந்து வைக்க

ஆய்விதழ் உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டதும், மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களையெல்லாம் சேர்த்துக் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். ஓப்பன் ஆக்சஸ் (எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) கட்டணம் என்று பெருந்தொகை கட்டாமலே, அந்தப் பிரதியை யாரும் படிக்கும்படி வைத்துவிடலாம்.

பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், இந்தப் பிரதியை இணையக் களஞ்சியத்தில் ஏற்றப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. அவை பொதுவாகத் தடுப்பது தாங்கள் பக்கம் வடிவமைத்த பிடிஎஃப்பைத்தான். சில இதழ்கள் 12 மாதமோ 24 மாதமோ காத்திருக்கச் சொல்லும். முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் ஆகியிருக்கும் தளத்தில் இதழின் பெயரைத் தட்டினால் விதி தெரிந்துவிடும். ஏற்றுவதற்கு செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜெனோடோ களஞ்சியம் போதும்: இலவசம், டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், திறக்கும் தேதியை முன்கூட்டியே குறித்து வைக்கலாம்.

உதவித்தொகையை நம்பிக் காமராசர் பல்கலைக்கழகத்திலும் மதுரைக் கல்லூரிகளிலும் முனைவர் பட்டம் செய்கிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்குப் போய்விடும். இதழ்க் கட்டுரைகளை நாம்தான் ஏற்ற வேண்டும்.

சிசி பை என்ற திறந்த உரிமத்தில் வந்த கட்டுரைக்கு இந்த வேலையே வேண்டாம், வெளியான பிடிஎஃப்பையே ஆசிரியர் பெயரோடு பகிரலாம். ஒப்பந்தம் வெளிப்படையாகத் தடுத்திருந்தாலோ, கூட்டு ஆசிரியர் சம்மதிக்காவிட்டாலோ ஏற்றாதீர்கள். நூலில் வரும் இயல்களுக்கு விதி பெரும்பாலும் வேறு. பதிப்பகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.