தாரை இழுத்து வெட்டி மீள்திறன் பார்ப்பது எப்படி?

லோடு லாரிகள் நின்று நகரும் இடங்களில் சாலையில் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வாளையாறு, பாலக்காடு பக்கம் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் சாதாரணத் தார் அமுங்கினால் அமுங்கியதுதான். பாலிமர், அதாவது ரப்பர் போன்ற பொருள், கலந்த தார் திரும்பி எழப் பார்க்கும். அந்தக் குணத்தைக் கண்ணால் காட்டுவது எலாஸ்டிக் ரிகவரி சோதனை. லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

மாதிரியை ஊற்றும் பதம் வரை சூடாக்கினால் போதும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் பாலிமர் கெட்டுவிடும். குமிழி ஏறாமல் நிதானமாகக் கிளறுங்கள். பித்தளை அச்சின் பக்கத் துண்டுகளிலும் அடித்தகட்டிலும் தார் ஒட்டாமலிருக்க கிளிசரினும் டெக்ஸ்ட்ரினும் (ஒருவகை மாவுப்பொடி) குழைத்துத் தடவுங்கள். இரு முனைத் துண்டுகளில் மட்டும் தடவ வேண்டாம்; தார் பிடித்து நிற்க வேண்டிய இடம் அது.

அச்சில் தாரை ஊற்றி, அரை மணி நேரம் வெளியில் ஆறவிட்டு, அப்புறம் 15 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். எடுத்து, மேலே நிற்பதைச் சூடான கத்தியால் சீவிவிட்டு, மறுபடி அதே தண்ணீரில் ஒன்றரை மணி நேரம். இந்த 15 டிகிரிதான் நம் ஊரில் பெரிய பாடு. ஒரு முறை ஐஸ் போட்டுவிட்டுக் கலக்காமல் இருந்துவிட்டேன். தொட்டியின் ஒரு மூலையில் 12, மறு மூலையில் 17. அன்றைய அளவுகள் எதையும் எழுதவில்லை. அதனால் தெர்மாமீட்டரை இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்.

சரி, இனி தாரை இழையாக நீட்டி இழுக்கும் டக்டிலிட்டி மெஷினில் மாட்டி, நிமிடத்துக்கு 5 செ.மீ. வேகத்தில் 10 செ.மீ. வரை இழுத்து நிறுத்துங்கள். இழையை நடுவில் கத்தரியால் வெட்டுங்கள். வெட்டியதும் இரண்டு நுனியும் மண்புழு போல உள்வாங்கும். ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது, மேசையும் அசையக் கூடாது.

அப்புறம் இழுபட்ட பாதியை மெல்ல நகர்த்தி, நுனிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அளவைப் படியுங்கள். 2.5 செ.மீ. என்றால், 10-இல் 7.5 மீண்டிருக்கிறது: 75 சதவீதம். மூன்று மாதிரிகளின் சராசரியை, பாலிமர் கலந்த தாருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 15462 அந்தத் தார் வகைக்கு (கிரேடு) சொல்லும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

அளவு குறைந்தால் உடனே சப்ளையர் மேல் பாயாதீர்கள். மாதிரி எடுத்த டின்னை அடிவரை கலக்கினீர்களா என்று முதலில் பாருங்கள். பாலிமர் மேலே ஒதுங்கியிருந்தால், கீழிருந்து எடுத்த தார் சாதாரணத் தார் போலத்தான் நடந்துகொள்ளும்.