நிலை வைக்கும் நாளுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

எங்கள் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நிலை, அதாவது கதவு மாட்டும் மரச் சட்டம், வைப்பது ஒரு விசேஷம். மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானிய முடிச்சு கட்டி, ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்து, நல்ல நேரத்தில் தூக்கி நிறுத்துவோம். அந்தத் தேதியைக் குறிக்கும்போதே மரம் காய்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நான் பார்த்த நிலைக் கோளாறுகளில் பாதிக்கு மேல் பச்சை மரத்தால் வந்தவை.

குடவாசல் பக்கம் எங்கள் உறவுக்காரர், 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த கொல்லை வேம்பை அறுத்து, தை மாதமே நிலை வைத்தார். வீட்டு மரம் வீட்டுக்கே ஆகட்டும் என்ற ஆசை. சித்திரை வெயிலில் நிலையின் ஒரு கால், அதாவது பக்கத்தில் நிற்கும் சட்டம், முறுக்கிக்கொண்டது. மேல் மூலைப் பொருத்து வாய் பிளந்தது. மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். 5 அங்குல அகலச் சட்டம் கால் அங்குலம்கூடக் குறையலாம். அஸ்திவாரம் தோண்டும்போதே, முடிந்தால் அதற்கும் முன்பே, மரத்தை அறுத்து, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரத்துண்டு) கொடுத்து நிழலில் அடுக்கிவிடுங்கள். பல மாதம் காற்றாட வேண்டும்.

வாங்கும்போது வெளிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். தேக்கே ஆனாலும் வெளிர் நிறப் பகுதியைக் கரையான் விடாது. வைரம் பாய்ந்த பகுதிதான் நிற்கும். பெயின்ட் அடித்து வரும் நிலைச் சட்டத்தில் இது தெரியாது. அதனால் பெயின்ட் அடிக்கும் முன் பட்டறைக்கே போய்ப் பார்த்துவிடுவேன்.

நிறுத்தும்போது, நிலை செங்குத்தாக நிற்கிறதா என்று காட்டும் தூக்குக்குண்டை ஒரு பக்கம் மட்டும் விட்டுப் பார்ப்பது அடுத்த தவறு. முன்முகம், பக்கமுகம் இரண்டிலும் விட வேண்டும். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். மூன்றரைக்கு ஏழடி நிலையில் இரண்டு அளவுமே ஏறக்குறைய 7 அடி 10 அங்குலம் வரும். எவ்வளவு வந்தாலும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் அடிக்காமல் சுவர் எழுப்பினால், கலவையின் அழுத்தத்தில் நடுப்பகுதி உள்ளே வளையும். கதவு வந்து மாட்டும் நாளில்தான் அது தெரியவரும். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புக் கிளாம்ப் பக்கத்துக்கு மூன்று, ஜல்லிக் கலவையில் பதிய வேண்டும்.

மேல்சுவரை நிலை தாங்கும் என்று நம்பி, அந்தச் சுவரைத் தாங்க வேண்டிய உத்திரமான லிண்டலில் மிச்சம் பிடிக்காதீர்கள். நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதோடு கட்டடமும் அசையும். லிண்டல் இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். நிலையின் வேலை கதவைத் தாங்குவது.

தரை மட்டத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். டைல்ஸ் கனத்தைக் கணக்கில் எடுக்காமல் நிலை வைத்தால், பிறகு கதவின் அடியைத்தான் அறுக்க நேரும். குளியலறைக்கு மர நிலையே வேண்டாம், கிரானைட் போதும்.

காலின் அடிமுனை தண்ணீரை உறிஞ்சும் இடம். அதற்கும், சுவரைத் தொடும் முதுகுப் பக்கத்துக்கும் தார் அல்லது பிரைமர் இரண்டு கோட் கொடுத்துக் காயவிட்டு நிறுத்துங்கள். சுவர் எழும்பிய பிறகு அங்கே பிரஷ் போகாது.