குளக்கரைக்கு என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்

காவிரிப் படுகையில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. தையில் நெல் காய்கிற களத்தில் வைகாசியில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஐப்பசியில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆண்டு முழுக்க ஆளில்லாத படித்துறையில் ஆடிப்பெருக்கன்று கால் வைக்க இடமிருக்காது. குளக்கரை, களம், மந்தைவெளி, வாய்க்கால் ஓரம், பேருந்து நிறுத்தம், புது நகர்களில் பூங்காவுக்கென்று விட்ட மூலை மனை என எதுவாக இருந்தாலும், யாரோ ஒருவர் ஏதோ ஒரு மாதத்தில் அங்கே வந்துபோகிறார். அந்த ஆளைக் கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்து கிளைப்பவை.

"பூங்கா வேண்டுமா?" என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்கிறவர் எவரும் இல்லை. எல்லோரும் கை தூக்குவார்கள், கூட்டம் வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்துக் குளத்தைச் சுற்றி மதிலும் பேவர் பிளாக் நடைபாதையும் வந்த பிறகுதான், "ஏண்ணே, மாடு எங்க எறங்கும்?" என்ற கேள்வி வரும். அப்போது பதில் இருக்காது.

விருப்பத்தைக் கேட்கும் முன் பழக்கத்தைக் கேட்க வேண்டும். இங்கே எந்த மாதத்தில் எதற்கு வருகிறீர்கள்? எந்தப் படியில் வழுக்குகிறது? மழை பெய்தால் முதலில் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது? இருட்டிய பிறகு எந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள்? கடைசிக் கேள்வியை ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் கேட்டால் பெண்களிடமிருந்து உண்மையான பதில் வராது. நான்கைந்து பெண்களோடு மாலை ஆறரை மணிக்கு அந்த வழியில் நடந்துபாருங்கள். எங்கே பேச்சை நிறுத்தி வேகமாக நடக்கிறார்களோ, விளக்குக் கம்பம் அங்கே வர வேண்டும்.

கேட்பதோடு எண்ணவும் வேண்டும். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, சந்தை கூடுகிற ஊராக இருந்தால் ஒரு சந்தை நாள். ஒவ்வொன்றிலும் காலை 6 முதல் 8, நண்பகல் 12 முதல் 2, மாலை 4 முதல் 6, இரவு 7 முதல் 9 என நான்கு வேளை. வேளைக்குக் கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆண், பெண், குழந்தை, முதியவர், ஆடுமாடு, வண்டி என்று கோடு போட்டுக் குறித்தால் போதும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இருவர் இதைத் தாராளமாகச் செய்துவிடுவார்கள். கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவர் சொல்லும் கணக்கும் இந்தத் தாளில் இருக்கும் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

அடுத்தது மாதக் கணக்கு. தரையில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் அந்த இடத்தில் நடப்பதைக் கூழாங்கல்லோ இலையோ வைத்துக் காட்டச் சொல்லுங்கள். களத்தில் ஊஞ்சல் நடக் கூடாது என்பது இங்கேதான் தெரியவரும். சம்பா அறுவடையில் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. காயவைக்க இடமில்லாதவர் தார்ச்சாலையில்தான் கொட்டுவார். களத்தை மறித்துப் பூங்கா போட்டால் விபத்தைச் சாலைக்கு மாற்றிவைக்கிறோம், அவ்வளவுதான்.

நிலம் யாருடையது என்று பார்க்காமல் யோசனை கேட்பது

ஊர்ப் பொது இடம் என்று எல்லோரும் சொல்வது வருவாய்க் கணக்கில் வேறாக இருக்கும். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். தெருவே கோயில் மனையில் இருக்கிற ஊர்களும் உண்டு. ஆகவே கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் புல எண்ணைக் கண்டுபிடித்து, 'அ' பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவு) நகலையும் புலப்படத்தையும் எடுத்துவிடுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்க்கலாம்.

குளம், வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. மூலையைத் தூர்த்துச் சமுதாயக் கூடம் கட்டலாமா என்ற யோசனையையே பட்டியலில் ஏற்றக் கூடாது. பஞ்சாபின் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. ஊரே சேர்ந்து வாக்களித்தாலும் செல்லாததை வாக்கெடுப்புக்கு விடுவது ஊரை ஏமாற்றுவதுதான். பாசன வாய்க்காலின் கரையாக இருந்தால் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். கோயில் இடமாக இருந்தால் அறநிலையத் துறை. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி ஆணையரின் அனுமதி தேவை.

புது நகர்களில் வேறொரு கதை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சையாக இருக்கிற அந்த இடத்துக்குப் பத்திரம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகவில்லையென்றால் முதல் வேலை செடி நடுவதல்ல, பத்திரம்.

ஒரே கூட்டம், பத்து நாற்காலி

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள், யார் வாசலோடு நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரியும்; அழைப்பு எல்லோருக்கும்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஊர்த் தெருவும் காலனித் தெருவும் தயங்காமல் வந்து உட்காருகிற இடங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை வாசல். அங்கேயும் பத்து நாற்காலியை மட்டும் போட்டால் பத்துப் பேர் யார் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். எல்லோருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லோருக்கும் ஜமக்காளம்.

அதைவிட முக்கியம், பொதுக் கூட்டத்தை முதலில் வைக்காமலிருப்பது. குத்தகைக்கு நிலம் விட்டவர் எதிரில் குத்தகைதாரர் மறுத்துப் பேசமாட்டார்; நாளைக்கு நடவுக்கு ஆள் கூப்பிடப் போகிறவர் எதிரில் கூலிக்குப் போகிற பெண்ணும் பேசமாட்டார். முதலில் தெருத்தெருவாக, 12 முதல் 15 பேர், முக்கால் மணி நேரம். பெண்களுக்கு, இளைஞர்களுக்கு, ஆடுமாடு வைத்திருப்பவர்களுக்குத் தனித்தனியாக. எல்லாத் தெருவிலும் அதே நான்கு கேள்விகள். பிறகு ஒரு பொதுக் கூட்டம். அதில் தெருக் கூட்டங்களில் வந்ததை யார் சொன்னார் என்று குறிப்பிடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

நேரம் குறிப்பதிலும் படுகைக்கென்று கணக்கு உண்டு. நடவுக் காலத்தில் காலை ஏழுக்குப் போன பெண்கள் திரும்ப மதியம் தாண்டிவிடும். வந்ததும் தண்ணீர், சமையல். மூன்றரை முதல் ஐந்து வரை கிடைத்தால் பெரிது. முகூர்த்த நாள், காப்புக் கட்டிய திருவிழா நாட்கள், ஊரில் சாவு விழுந்த நாள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சித் தொடரோடு போட்டி போடுவதும் வீண்.

பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்பது

கணினியில் வரைந்த வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் அதற்கு மேல் பேச்சு ஓடாது. பார்க்கிறவர்கள் நிறத்தைப் பற்றிச் சொல்வார்கள், இடத்தைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். வெறுந்தரையில் பன்னிரண்டடிச் சதுரத்தில் கோலமாவால் ஊரை வரையச் சொல்லுங்கள். கோலமாவு பெண்கள் கைக்குப் பழகியது. தப்பாகப் போட்டால் அழித்துப் போடலாம். குளம், வரத்து வாய்க்கால், வடிகால், படித்துறை, மாடு இறங்கும் சரிவு, குடிதண்ணீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, பெரிய மரம் எல்லாம் அதில் வர வேண்டும். முடிந்ததும் மாடியிலிருந்து படமெடுத்து, மறுநாள் 30 மீட்டர் டேப்பால் அளந்து புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். கோலத்தில் அகலமாக வந்த வண்டிப்பாதை டேப்பில் எட்டடிகூடத் தேறாமல் போகலாம். மீதி எங்கே போனது என்பது தனிப் பேச்சு.

தொழில்நுட்பம் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும், ஆனால் கடைசியில் பேச வேண்டும். ஒன்றியப் பொறியாளர் சொல்லியே ஆக வேண்டிய சில உண்டு. படுகையின் களிமண் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும்; அடியில் ஒரு சாண் கிராவலை இறுக்கிப் போடாமல், ஓரக்கல் வைக்காமல் பதித்த பேவர் பிளாக் இரண்டு மழைக்குள் மேடுபள்ளமாகும். குளத்தைச் சுற்றிப் பாதையை உயர்த்தினால் தெருத் தண்ணீர் குளத்துக்குள் இறங்காமல் வீட்டுக்குள் இறங்கும்; தண்ணீர் வருகிற ஒவ்வொரு இடத்திலும் பாதைக்கடியில் குழாய் போட வேண்டும். எந்த இடங்கள் என்பதைப் பொறியாளரைவிடக் கரையோர வீட்டுக்காரர் நன்றாகச் சொல்வார். சாய்தளம் 12 அடிக்கு ஓரடி உயரம் என்ற கணக்கில் வேண்டும். மூன்றடிக்கு ஓரடி என்று போடும் சரிவில் சக்கர நாற்காலி ஏறாது, பைக்தான் ஏறும். வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் துத்தநாகப் பூச்சில்லாத இரும்பு விளையாட்டுச் சாதனங்களை உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும்.

கை தூக்கச் சொல்வது

முதலில் தூக்குகிற கை யாருடையது என்று பார்த்துத்தான் மற்றக் கைகள் எழும். ஆளுக்கு ஐந்து விதை கொடுங்கள்: பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு ஆமணக்கு விதை. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பானை, மேலே படம், வாயில் துணி. ஐந்தையும் ஒரே பானையில் போடலாம், பிரித்தும் போடலாம். பிறகு எல்லோர் எதிரிலும் கொட்டி எண்ணுங்கள். விதை வேறு என்பதால் பெண்கள் படித்துறையையும் ஆண்கள் உட்காரும் திண்ணையையும் கேட்டிருந்தால் அது அப்படியே தெரியும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து மறைத்துவிடக் கூடாது.

பராமரிப்புச் செலவை எழுதாத யோசனைக்குப் பானை வைக்காதீர்கள். 40 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து, இரவுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 2 யூனிட், மாதம் 60. எந்த மின் இணைப்பில், யார் கட்டுவது? ஐம்பது கன்றுக்குக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து லிட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் 500 லிட்டர். யார் ஊற்றுவது? பெயரோடு பதில் வந்தால் பானை.

தீர்மானத்தை வாய்மொழியாக விடுவது

ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு. பேரூராட்சியில் கிராம சபை இல்லை, செயல் அலுவலரிடமும் மன்றத்திலும் கொண்டுபோக வேண்டும். ஊருக்கு வெளியே வளர்ந்த நகர்களில் பாதி வீடு ஊராட்சியிலும் பாதி பேரூராட்சியிலும் இருப்பதுண்டு, முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. பொருளைக் கூட்டத்தன்று எழுந்து சொல்லாமல், முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும்.

'பொது இடங்களை மேம்படுத்தத் தீர்மானிக்கப்பட்டது' என்ற வரியை வைத்து எந்த மதிப்பீடும் போட முடியாது. புல எண், எந்தக் கரை, எந்த முனையிலிருந்து எந்த மரம் வரை, 80 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், கிராவல் பாதை, மூன்று நீர்வழிக் குழாய், ஒரு மாட்டுச் சரிவு என்று எழுதவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு, நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். ஊரும் அரசும் சேர்ந்து செலவிடுகிற நமக்கு நாமே திட்டத்தில் போவதாக இருந்தால் பொதுமக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. அந்தப் பணம் எங்கிருந்து என்பதும் தெருக் கூட்டத்திலேயே பேசவேண்டிய விஷயம், கடைசியில் நன்கொடை நோட்டோடு போனால் கதவு திறக்காது.

கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வராததுதான் அடுத்த முறை கூட்டத்துக்கு ஆள் வராததற்குக் காரணம். பதினைந்து நாளுக்குள் ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள், பெரிய எழுத்தில்: என்ன கேட்டீர்கள், எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டோம், ஏன் விட்டோம். படிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு தெருவில் வாசித்தும் காட்டுங்கள்.

மாசியில் ஆரம்பிப்பது

வாய்க்கால் காய்ந்த பிறகு யோசனை வந்து, பங்குனியில் கூட்டம் போட்டு, சித்திரையில் மதிப்பீடு கேட்டால், தண்ணீர் வந்துவிடும். மரபுப்படி மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. 2022-ல் போல மே 24-லேயே திறந்துவிட்டதும் உண்டு. கரை வேலைக்கு உண்மையில் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. களமாக இருந்தால் அதிலும் பங்குனிக்குப் பிறகுதான், அதுவரை அங்கே நெல் இருக்கும்.

அதனால் ஆடியில் எண்ணத் தொடங்குங்கள், படித்துறைக் கூட்டமும் கணக்கில் வரும். தெருக் கூட்டங்களை நடவு ஓய்கிற ஓரிரு வாரங்களாகப் பார்த்து ஆவணி, புரட்டாசியில் முடித்து, அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் முதல் தீர்மானம். பிறகு அடைமழை. அதில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, குழாய் போடும் இடங்களுக்குக் குச்சி நட்டுச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். கோடையில் வந்து நிற்கிற பொக்லைன் ஓட்டுநருக்கு அந்தக் குச்சிதான் தெரியும், தீர்மானப் புத்தகம் தெரியாது. திருத்தம் இருந்தால் ஜனவரி 26 கிராம சபையில் சேர்க்கலாம். வரத்து வாய்க்காலின் வாயில் செய்கிற வேலையை மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, மே நடுவிலேயே முடித்துவிட வேண்டும். பெஞ்சை ஆவணியில்கூடப் போட்டுக்கொள்ளலாம்.