பள்ளிக்கூடத்தில் போட்டது எந்த ஊசி? பெரியவர்களின் பி.சி.ஜி. நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் முறை

எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "பள்ளிக்கூடத்துல டி.பி. ஊசி போட்டாங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆமா, போட்டாங்களே" என்றுதான் பதில் வரும். அந்த "ஆமா"வுக்குள் நாலைந்து ஊசிகள் ஒன்றாகக் கிடக்கும்: பெரியம்மைக்கு அம்மை குத்தியது, திருவிழாவுக்கு முன் போட்ட காலரா ஊசி, டெட்டனஸ் ஊசி, கடைசியாக அசல் டி.பி. ஊசியான பி.சி.ஜி., அதாவது காசநோய்த் தடுப்பூசி. பள்ளியின் நூற்றாண்டு மலருக்கோ, குடும்ப வரலாற்றுக்கோ, கல்லூரி ஆய்வுக்கோ இந்த நினைவுகளைத் திரட்டுகிறவர் முதலில் செய்ய வேண்டியது இவற்றைப் பிரித்தெடுப்பது. நடந்தது பெரும்பாலும் சரியாகவே நினைவிருக்கும், ஊசியின் பெயர்தான் மாறிப்போயிருக்கும். அதனால் பெயரைக் கேட்காமல், கையில் என்ன நடந்தது, எத்தனை நாள் கழித்து நடந்தது என்று கேளுங்கள்.

போகும் முன் மனதில் இருக்க வேண்டிய ஆண்டுகள்

1948-இல் சென்னை கிண்டி கிங் நிலைய வளாகத்தில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் முதல் பி.சி.ஜி. ஊசி போடப்பட்டது. 1949-இல் அது பல மாநிலங்களின் பள்ளிகளுக்கும் போனது. 1951-இல் நாடு தழுவிய இயக்கமாகி, ஊர் ஊராகக் குழுக்கள் வந்தன. 1978-இல் விரிவான தடுப்பூசித் திட்டம் வந்தபின் பி.சி.ஜி. பிறந்த குழந்தைக்கான ஊசியாகிவிட்டது.

இதிலிருந்தே ஒரு சல்லடை கிடைக்கிறது. 1985-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் "அஞ்சாம் வகுப்புல டி.பி. ஊசி போட்டாங்க" என்றால், அது பெரும்பாலும் பத்து வயதில் போடும் டெட்டனஸ் ஊசிதான். டெட்டனஸுக்கான டி.டி.யும் காசநோய்க்கான டி.பி.யும் பேச்சில் மாறிப்போவது சாதாரணம். 2017 தொடக்கத்தில் பள்ளிகளில் போட்டது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. உண்மையான பள்ளிக்கூட பி.சி.ஜி. நினைவு வேண்டுமென்றால், ஏறக்குறைய 1940 முதல் 1970 வரை பிறந்தவர்களைத் தேடிப் போங்கள்.

என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது

முதல் விதி: தழும்பைப் பார்க்கும் முன் நினைவைக் கேட்டு முடித்துவிடுங்கள். சட்டைக் கையை மடித்துத் தழும்பைப் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் வரும் கதை தழும்புக்கு ஏற்றபடி வளைந்துவிடும். பேரனோ பேத்தியோ கேட்பதானால் இப்படித் தொடங்கலாம்: "தாத்தா, பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தவங்க ஒரு தடவதான் வந்தாங்களா, இல்ல ரெண்டு மூணு நாள் கழிச்சுத் திரும்பவும் வந்தாங்களா?"

இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். தொடக்க காலத்தில் யாருக்கும் நேராக பி.சி.ஜி. போடவில்லை. முதலில், காசநோய்க் கிருமியை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறதா என்று பார்க்கும் டியூபர்குலின் சோதனை. முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள் 0.1 மி.லி. மருந்து. மூன்று நாள் கழித்துக் குழு திரும்பி வந்து, அந்த இடத்தை விரலால் தடவி, கெட்டிப்பட்ட பகுதியின் குறுக்களவை அளவுகோலால் அளக்கும். வீக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும் இடது மேற்கையில் பி.சி.ஜி. நன்றாகத் தடித்திருந்தால், "உனக்கு வேண்டாம், போ" என்று அனுப்பிவிடுவார்கள். ஆக, இரண்டு வருகை, இரண்டு இடம், நடுவில் அளவுகோல் என்று நினைவு வந்தால் அது கிட்டத்தட்ட உறுதியாக பி.சி.ஜி. இயக்கம்தான். 1960-களின் நடுவிலிருந்து சோதனையை விட்டுவிட்டு நேரடியாகப் போடும் முறை பரவியது. அந்தக் காலத்தவருக்கு ஒரே வருகைதான் நினைவிருக்கும். அது முரண் இல்லை.

அடுத்து, புண் எப்படிப் போனது என்று கேளுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. அம்மை குத்தியதையும் பி.சி.ஜி.யையும் பிரிக்கும் இடம் இதுதான்.

பி.சி.ஜி.யைச் சரியாகத் தோலுக்குள் போட்டால் உடனே ஆரஞ்சுத் தோல் போல வெளிறிய சிறு மேடு எழும்பும், அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே இராது. எல்லோரும் மறந்தபின் அந்த இடத்தில் ஒரு கட்டி தலைகாட்டும். ஐந்தாம் வாரத்தையொட்டி 4 முதல் 8 மி.மீ. வரை பெருத்து, உடைந்து, கொஞ்சம் சீழ் கசிந்து, பொருக்குக் கட்டி, 6 முதல் 12 வாரத்துக்குள் ஆறித் தழும்பாகும். காய்ச்சல் அநேகமாக இருக்காது. அம்மை குத்தினால் எல்லாமே வேகம். மூன்று நாலு நாளில் சிவந்த மேடு, ஒரு வாரத்தில் நீர் கோத்த கொப்புளம், எட்டு பத்து நாளில் சீழும் காய்ச்சலும், மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிடும். காலரா ஊசி, டைபாய்டு ஊசி என்றால் அன்றிரவே கை தூக்க முடியாது, உடம்பு சுடும், இரண்டு நாளில் சரியாகும், தழும்பும் இராது.

ஆகவே கேள்வி "காய்ச்சல் வந்துச்சா?" என்று இருக்கக் கூடாது. "புண்ணு எப்பப் பழுத்துச்சு, அன்னைக்கேவா, அடுத்த வாரமா, பல வாரம் கழிச்சா?" என்று இருக்க வேண்டும். அக்குளில் நெறி கட்டியது என்று யாராவது சொன்னால் அதையும் குறியுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அம்மை குத்தினாலும் நெறி கட்டும். பி.சி.ஜி.யில், ஊசி தோலைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டால் பெரிய சீழ்க்கட்டியும் நெறியும் வர வாய்ப்பு அதிகம். "எனக்கு மட்டும் ஆறவே மாசக்கணக்காச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இந்தக் கைத்தவறு இருக்கும்.

கருவியையும் கேளுங்கள். பி.சி.ஜி. என்றால் சின்னக் கண்ணாடி சிரிஞ்சும் மெல்லிய ஊசியும். அம்மை குத்தியது என்றால் சிரிஞ்சே கிடையாது: பழைய முறையில் பல் வைத்த சிறு வட்டைத் தோலில் வைத்துத் திருகுவார்கள், 1960-களின் இறுதியிலிருந்து இரு முனை ஊசியால் படபடவென்று பதினைந்து தடவை குத்துவார்கள். "திருகுனாங்க" என்ற சொல் வந்துவிட்டால் பி.சி.ஜி. என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஸ்பிரிட் விளக்கை நம்பாதீர்கள். ஊசியைத் தீயில் காட்டியது நினைவிருக்கிறது என்று பலரும் ஆர்வமாகச் சொல்வார்கள். இரண்டு ஊசிக்கும் அந்த விளக்கு எரிந்தது.

தழும்பை அளப்பது

இதற்குத் தேவை ஒரு கண்ணாடி ஸ்கேல், ஒரு டார்ச், ஒரு செல்போன். தழும்புக்கு நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து, தோலோடு ஒட்டினாற்போல் அடித்தால்தான் பள்ளமும் மேடும் எழும்பித் தெரியும். நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். இடது மேற்கையில் ஒற்றையாக, வட்டமாக, ஒரு செ.மீ.க்குள் அடங்கினால் பி.சி.ஜி.யாக இருக்கலாம். அதைவிடப் பெரியது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கோடுகளோ புள்ளிப் பள்ளங்களோ உடையது, இரண்டு மூன்று வரிசையாக இருப்பது, முன்கையில் இருப்பது இவையெல்லாம் அம்மைத் தழும்பின் பக்கம் சாய்பவை. தோள்முனைக்கு அருகில் போட்ட ஊசி சிலருக்குத் தடித்த, பளபளப்பான மேடாக வளர்ந்திருக்கும். அப்படி வளர்ந்துவிட்டால் அளவை வைத்துப் பிரிக்க முடியாது.

படம் எடுக்கும்போது ஸ்கேலும் முழங்கையும் சட்டத்துக்குள் வரட்டும், முகம் வேண்டாம். செல்போனின் முன்பக்கக் கேமராவில் எடுக்கக் கூடாது. பல போன்கள் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கும். பிறகு இடது கை வலது கையாகி, பதிவு முழுவதும் குழம்பும்.

தழும்பே இல்லையென்றால்

"வரிசையில நின்னேன், ஆனா தழும்பு இல்ல" என்பவர் பொய் சொல்லவில்லை. பி.சி.ஜி. போட்டும் சிலருக்குத் தழும்பு விழாது. சிலருடைய தழும்பு வயதாக ஆக மங்கிவிடும். சிலர் சோதனையில் தடித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அந்தத் தடிப்புக்குப் பொருள், காசநோய்க் கிருமியோ அதன் உறவுக் கிருமியோ உடம்பு ஏற்கெனவே சந்தித்திருந்தது என்பது மட்டுமே. நோய் இருந்தது என்று அர்த்தமில்லை. இதை அந்த இடத்திலேயே பெரியவரிடம் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் இராது.

திருவள்ளூர் வட்டாரத்தவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அப்பகுதியில் 1968 முதல் 1971 வரை உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. கள ஆய்வுக்கான ஊசிகள் போடப்பட்டன. பிறந்து ஒரு மாதம் கடந்த எல்லோரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அந்த வட்டாரத்தில் ஊசி நினைவு தெளிவாக இருந்து தழும்பு இல்லாவிட்டால், ஊர்ப் பெயரையும் வயதையும் தவறாமல் குறியுங்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று உலகுக்குச் சொன்ன ஆய்வு அது.

ஊசியே போட்டுக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள். 1955-இல் ராஜாஜி பி.சி.ஜி. இயக்கத்தைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். அப்போது பள்ளியில் இருந்தவர்களிடம், வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், அன்றைக்குப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். மலருக்கு நல்ல பக்கங்கள் இங்கேதான் கிடைக்கும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

சான்றிதழில் உள்ள பிறந்த தேதியிலிருந்து கணக்குப் போடாதீர்கள். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு வாத்தியார் போட்ட தேதி அது, ஓரிரண்டு வருடம் முன்பின் இருக்கும். எந்த வகுப்பு, எந்த வாத்தியார், எந்தக் கட்டடம் என்று கேட்டுவிட்டு, ஊரறிந்த நிகழ்ச்சியோடு பொருத்துங்கள்: காமராஜர் முதல்வரானது 1954, நயா பைசா வந்தது 1957, நேரு மறைந்தது 1964 மே, தனுஷ்கோடிப் புயல் அதே ஆண்டு டிசம்பர், இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி. "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் அடைத்துவிட்டால் போதும். துல்லியமான ஆண்டு வேண்டுமென்று நெருக்கினால், உங்களைத் திருப்திப்படுத்தவே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். பழைய மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அங்க அடையாளங்கள், மருத்துவ ஆய்வு ஆகிய இரண்டு வரிகளையும் பாருங்கள்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அளவுகோல் வேறு. பிரிட்டனில் பள்ளி பி.சி.ஜி. 1953 முதல் 2005 வரை, 10 முதல் 14 வயதுக்குள். முதலில் ஆறு முனை கொண்ட ஹீஃப் கருவியை முன்கையில் அழுத்தி, ஒரு வாரம் கழித்துப் பார்ப்பார்கள். வட்டமாக ஆறு புள்ளி நினைவிருந்தால் அது சோதனைதான், தடுப்பூசி அல்ல. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 12 வயதையொட்டிப் பள்ளியில் போட்ட இரண்டாவது ஊசி 2001-இல் நின்றது. அவர்கள் கையில் இரண்டு தழும்பு இருந்தால் வியக்க வேண்டாம்.

எழுதி வைப்பது

ஒருவருக்கு ஒரு தாள் போதும். அவர் சொன்ன சொற்களை அப்படியே ஒரு பக்கம், நீங்கள் அளந்ததை மறுபக்கம், இரண்டையும் கலக்காமல். அடியில் உங்கள் தீர்ப்பு: உறுதி, இருக்கலாம், வேறு ஊசி. இரண்டு வருகையும் தாமதமாகப் பழுத்த புண்ணும் ஒற்றைத் தழும்பும் சேர்ந்தால் உறுதி. மூன்றில் இரண்டு இருந்தால் இருக்கலாம். தழும்பு மட்டும் இருந்து கதை இல்லாவிட்டால் "இருக்கலாம்" என்றுகூட எழுதாமல் அளவை மட்டும் விட்டுவையுங்கள்.

பேச்சுக்கு நடுவே வீட்டில் யாருக்கோ எலும்புருக்கி நோய் (காசநோயின் பழைய பெயர்) இருந்தது, அதை மறைத்துக் கல்யாணம் முடித்தார்கள் என்ற செய்தியெல்லாம் வரும். அதைப் பதிவு செய்யலாமா, அச்சில் பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்தை ஒலிப்பதிவிலிருந்தும் அவர் முன்னாலேயே நீக்கிவிடுங்கள்.