ஃபேன் கொக்கியில் சொட்டிய நீலத் தண்ணீர்

கடலூரில் எங்கள் வீட்டு ஹாலில், ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில், மூன்று ஐப்பசி தொடர்ந்து ஒழுகியது. முதல் வருடம் மொட்டைமாடி முழுக்க வெள்ளை கோட்டிங் அடித்தோம். அடுத்த வருடம் கொத்தனார் வந்து மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டுச் சந்துகளைச் சுரண்டி, புதுக் கலவை அடைத்துப் பாயிண்டிங் பார்த்தார். மூன்றாம் வருடமும் அதே இடம், அதே பக்கெட். "மழை பெய்தா தண்ணி பிடிக்கத் தெருவுக்குப் போக வேணாம்" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒழுகலைக் கவனிக்க ஆரம்பித்தேன். நீங்கள் அதை முதலிலேயே செய்யுங்கள். முதல் வேலை, அந்த ஃபேனுக்கான கரண்ட்டை மெயினில் நிறுத்துவது. பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஈரக் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மறுநாள் கறை எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரியும்.

எப்போது சொட்டுகிறது என்பது அதைவிட முக்கியம். மழை தொடங்கிய சில நிமிடத்திலேயே சொட்டினால் வழி நேராக இருக்கிறது: விரிசல், துளை, குழாய் ஓரம். மழை நின்ற மறுநாளும் சொட்டினால், தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் ஒழுகினால் சுவரையும் சன்ஷேடையும் பாருங்கள். மழையே இல்லாமல் ஈரமா? மேலே உள்ள டேங்க் அல்லது அதன் பைப்.

எங்களுக்கு மழை பிடித்துப் பத்து நிமிடத்தில் சொட்டியது. டேப் எடுத்து, சொட்டும் இடம் கிழக்குச் சுவரிலிருந்து 7 அடி, வடக்குச் சுவரிலிருந்து 5 அடி என்று அளந்தேன். மாடியில் அந்த இடத்தைக் குறிக்கும்போது சுவர்க் கனம் 9 அங்குலத்தைக் கூட்ட மறந்து முதலில் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தேன்! சரியான இடத்திலும் ஒன்றுமில்லை. தட்டோடு கல் மாதிரி இருந்தது.

தண்ணீர் உள்ளே இறங்கும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குறித்த புள்ளியிலிருந்து முதலில் வாட்டம் (தளத்தின் சரிவு) ஏறும் பக்கமாகவும் பிறகு சுற்றிலும் நடந்து போய் மூன்றைத் தேடுங்கள்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைத்தண்ணீர் வெளியேறும் குழாய் வாய், தளத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கும் கம்பி, பைப், கிளாம்ப். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொத்பொத்தென்று சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது.

கைப்பிடிச் சுவர் ஓரமாக ஓரிடம் அப்படிச் சத்தம் கொடுத்தது. "மேல மாடி எடுத்தா ஒயர் இழுக்கன்னு ஒரு பைப் விட்டாங்களே" என்று என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாடி எடுக்கவே இல்லை. பைப்பைத் தள மட்டத்துக்கு அறுத்து, துணியை அடைத்து, மேலே கலவை பூசியிருந்தார்கள்.

அந்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் நாற்றங்கால் பாத்தி மாதிரி வரப்புக் கட்டி, ஒரு குடம் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றினேன். கீழே வெள்ளைப் பக்கெட்டோடு மகன். "அம்மா, நீலமா வருது" என்று கத்தினான்.

இப்படி இடம் தனியாகப் பிடிபடவில்லை என்றால், தாழ்ந்த பக்கத்திலிருந்து பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி, ஒரு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. 100 சதுர அடிக்கு ஒரு அங்குலம் என்றால் சுமார் 236 கிலோ எடை. கம்பி தெரிந்து காரை உதிரும் தளத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்; இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

ரிப்பேர் ஒரு காலை வேலை. நாலு நாள் வெயில் காயவிட்டு, பைப்பைச் சுற்றி நாலு அங்குலம் கெட்டித் தளம் வரை கொத்தினோம். இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைக் கழுவினோம். பைப்பில் ஒரு அடித் துண்டு ஒட்டி உயர்த்தி, மூடியைப் பசை போட்டு இறுக்கினோம். சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி அது காய்வதற்குள், ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையில் வாட்டர்ப்ரூஃப் திரவம் சேர்த்து வைத்தோம். திரவத்தின் அளவு டப்பாவில் போட்டிருக்கும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலம் என்று நினைக்காதீர்கள். கலவையைப் பைப்பை ஒட்டி உயரமாகவும் வெளியே சரிவாகவும் இழுத்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவர் மூலை வெடித்திருந்தாலும் இதே முறைதான், மூலையைச் செங்கோணமாக வைக்காமல் வளைவாக உருட்டிவிடுங்கள். ஏழு நாள் ஈரச்சாக்கு.

சாக்கை எடுத்ததும் தட்டோடு பதிக்க அவசரப்படாமல் மறுபடி நீலத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பக்கெட் காய்ந்தே கிடந்தது. பிறகுதான் ஓடு.

உள்கூரைக்கு உடனே பட்டி பார்க்காதீர்கள், ஓதம் முழுக்க இறங்கட்டும். நாங்கள் தை பிறந்த பிறகுதான் பெயிண்டரைக் கூப்பிட்டோம். தேதி எழுதிய பென்சில் வட்டங்களைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா, ஜாதகமா?" என்றார்.