தலைவர் மேல் புகார் கிளம்பினால் கூட இருப்பவர் செய்யவேண்டியது

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கப்புறம் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஓர் ஊராட்சித் தலைவருக்குக் கூடவே இருந்து ஃபைல் பார்த்துக் கொடுத்தேன். அந்த வேலைக்குப் பதவிப் பெயரும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆனால் புகார் என்று ஒன்று கிளம்பினால் தலைவர் முதலில் போன் போடுவது அப்படிப்பட்ட ஆளுக்குத்தான். இது அவர்களுக்காக எழுதுவது. காசு அடித்த தலைவரைக் காப்பாற்ற வழி தேடி வந்திருந்தால், இதில் ஒன்றும் கிடைக்காது.

குளம் தூர்வாரிய வேலையையே எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் குளத்துக்குக் குறைவில்லை, குளத்துப் புகாருக்கும் குறைவில்லை. காலையில் டீக்கடையில் ‘தூர்வாராமலே பில் போட்டுட்டாங்க’ என்று ஒருவர் சொல்வார். மதியம் அது வாட்ஸ்அப்பில் போட்டோவோடு வரும். சாயங்காலம் நிருபர் கூப்பிடுவார். அதற்குள் தலைவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் முதல் வேலை. ‘எல்லாம் பொய், எதிர்க்கட்சி சதி’ என்று சொல்ல அவருக்கு நாக்கு துடிக்கும். காகிதத்தைப் பார்க்காமல் சொன்ன மறுப்பு, மறுநாள் காகிதம் வெளியே வந்ததும் இரண்டாவது புகாராகி நிற்கும்.

ஆகவே நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். எஸ்டிமேட், தீர்மானப் புத்தகம், பணி ஆணை, எம்-புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்), பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் எடுங்கள். ஒரிஜினலை வீட்டுக்குக் கொண்டு போகவேண்டாம், ஒரு ராத்திரிக்குக்கூட வேண்டாம். பிறகு ஒரு தாள் காணாமல் போனால் அது உங்கள் தலையில்தான் விழும். எம்-புக்கில் அளவெடுத்ததாக எழுதிய தேதியையும், போட்டோ எடுத்த தேதியையும், பில் பாஸான தேதியையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். பல புகார்களின் உயிர் அந்த மூன்று தேதிகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

அப்புறம் மண்ணைப் பற்றிக் கேளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எம்-புக் தோண்டிய பள்ளத்தைத்தான் அளக்கும். அள்ளிய மண் எங்கே போனது என்று அது சொல்லாது. ஊர்க்காரர்கள் கோபப்படுவது ஆழம் ஓர் அடி குறைந்ததற்காக அல்ல, ராத்திரி டிப்பர் களியக்காவிளைப் பக்கம் ஓடியதற்காக. கேரள எல்லை தாண்டினால் மண்ணுக்கும் கல்லுக்கும் நல்ல விலை என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மண் எடுக்க அனுமதி யார் பெயரில், மண் ஏற்றிப்போக நடைச்சீட்டு இருந்ததா, வண்டி யாருடையது? தலைவரின் மச்சான் வண்டி என்றால் அதை நீங்கள் இன்றைக்கே தெரிந்துகொள்ளவேண்டும். வண்டி நம்பர் ஏற்கனவே யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

தலைவரிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டில் வேண்டாம், அங்கே பத்துப் பேர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காரில், டிரைவரை இறக்கிவிட்டுப் பேசலாம். ‘அண்ணாச்சி, பேப்பர்ல வாறதுக்கு முந்தி எனக்குத் தெரியணும்’ என்று ஆரம்பியுங்கள். கையெழுத்து உங்களுடையதுதானா, காண்டிராக்டர் உங்களுக்கு என்ன முறை, பணம் ஏதாவது கை மாறியதா? கடைசிக் கேள்விக்கு அவர் கோபப்பட்டாலும் பதில் வரும்வரை இறங்காதீர்கள். பணம் கை மாறியிருந்தால் அதன்பின் வேண்டியது வக்கீல். உங்கள் வேலை அங்கே முடிந்தது.

துணைத் தலைவரை அன்றைக்கே போய்ப் பாருங்கள். செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் தலைவர், அவர் இரண்டு பேருக்கும் சேர்ந்துதான். தலைவர் மட்டும் மாட்டுவார் என்று தோன்றினால் துணைத் தலைவர் உடனே எதிர்ப்பக்கம் நிற்பார். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைவு வந்தால் கொஞ்சம் நிதானமாவார்.

இப்போது அறிக்கை. ‘இந்த வேலைக்கு பில் கொடுக்கப்பட்டது உண்மை. அளவில் சந்தேகம் எழுந்திருக்கிறது. மறு அளவீடு கேட்டு பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கலெக்டருக்கும் இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன்.’ இவ்வளவு போதும். கடிதத்தை முதலில் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிய பிறகுதான் அறிக்கை. நிருபருக்குப் பேப்பர் முடிக்கிற நேரத்துக்கு முன்னால் கொடுங்கள்; பணம் வைத்த கவர் கொடுக்காதீர்கள். கவர் கொடுத்ததே ஒரு செய்தியாகும்.

‘அதிகாரி செய்தார், எனக்குத் தெரியாது’ என்ற வரியை எந்தத் தலைவரும் விரும்புவார். டி.டி.கிருஷ்ணமாச்சாரி பெரிய மூளைக்காரர், நேருவின் நிதியமைச்சர். எல்.ஐ.சி. பணத்தில் தொழிலதிபர் முந்திராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கிய விவகாரத்தை 1957 டிசம்பரில் எம்.பி. பெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, நிதித்துறைச் செயலர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். டெல்லியில் எடுபடாத வரி ஊராட்சியில் எடுபடுமா?

ஆலோசகர்கள் படிக்கவேண்டியது அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரம். 1972 ஜூன் 17 அன்று எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். 1974 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்சன் பதவி விலகினார். அவரை வீழ்த்தியது புகுந்த சம்பவம் அல்ல, அதை மூடி மறைக்க அறைக்குள் பேசிய பேச்சும் அது பதிவான டேப்பும்தான். மூடுகிற வேலையில் கைவைத்த அவருடைய ஆலோசகர்கள் ஹால்டெமன், எர்லிக்மன், ஜான் டீன் மூன்று பேரும் சிறைக்குப் போனார்கள். இன்றைக்கு டேப் ரெக்கார்டர் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள், அழிக்கவேண்டியதைப் பேசவும் வேண்டாம். காண்டிராக்டரை மார்த்தாண்டத்தில் ஹோட்டல் அறையில் சந்திக்கும் யோசனையையும் விடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. மூன்றாம் நாள் யாராவது வந்து, ‘நம்ம ஆளுங்கிறதாலதான் இப்படிப் பண்றாங்க’ என்பார். நம்ம ஆள் என்றால் சாதி, அல்லது கோயில், அல்லது சர்ச். தலைவருக்கு அது இனிக்கும். உடனே கூட்டமும் சேரும். 1982-இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. ஒரு குளத்து பில்லுக்காக அந்த நெருப்பைத் தொடக்கூடாது. அந்த ஆளை மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவையுங்கள். தலைவரிடம் தனியாக விடவேண்டாம்.

அடுத்து கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள் உண்டு. அதில் நவம்பர் 1 மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, கூட்டம் நன்றாகவே வரும். புகார் இருக்கும்போது தலைவர் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கப் பார்ப்பார். விடாதீர்கள். வரவு செலவை வாசிக்கட்டும், எம்-புக் ஜெராக்ஸை மேசையில் வைக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் எப்படியும் கொடுக்கவேண்டிய காகிதம்தானே, நாமே முந்திக்கொள்ளலாம். மனு ஏற்கனவே வந்திருந்தால் ஊராட்சிச் செயலரிடம் இழுத்தடிக்கச் சொல்லாதீர்கள். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம். அதைக் கட்டப்போவது நீங்கள் அல்ல, தகவல் கொடுக்கவேண்டிய அலுவலர்.

மறு அளவீட்டில் குறை வந்தால் பணத்தைக் காண்டிராக்டரிடமிருந்து வசூலிக்கச் சொல்லித் தலைவரே எழுதட்டும். தலைவரைப் பதவி நீக்கும் ஊராட்சிகள் சட்டம் 205-ஆவது பிரிவில் கலெக்டர் நோட்டீஸ் வந்தால் கெடு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, இணைப்புக்கு எண் போட்டுப் பதில் எழுதுங்கள். அதில் அரசியல் வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு ராத்திரி தலைவர் கூப்பிட்டு, ‘தீர்மானப் புத்தகத்துல முன்தேதி போட்டு ஒரு வரி சேத்துரலாமா?’ என்று கேட்கலாம். முடியாது என்று சொல்லுங்கள். மறுபடியும் கேட்டால் உங்களிடம் இருக்கிற ஜெராக்ஸ்களைப் பட்டியலிட்டு ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டு விலகிவிடுங்கள். விலகிய காரணத்தை டீக்கடையில் சொல்லவேண்டாம். பட்டியலில் அன்றைய தேதி மட்டும் சரியாக இருக்கட்டும்.